கெட்டிக்கார வேட்டைக்காரர் கரடியிடம் மாட்டுவது ஏன்?

1805 ஜூன் 14. இன்றைய மொன்டானா மாநிலத்தில், மிசௌரி ஆற்றின் பெரிய அருவிகளுக்குப் பக்கத்தில் மெரிவெதர் லூயிஸ் தனியாக நடந்துகொண்டிருந்தார். அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பார்த்து வர அரசு அனுப்பிய பயணக் குழுவின் இரு தலைவர்களில் அவர் ஒருவர். சாப்பாட்டுக்காக ஒரு காட்டெருமையைச் சுட்டார். குண்டு நன்றாகவே பட்டிருந்தது. வாயிலும் மூக்கிலும் ரத்தம் வழிய நின்ற எருமை எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில், துப்பாக்கியில் மறுபடி மருந்து கெட்டிக்க மறந்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் இருபது தப்படி தூரத்தில் ஒரு கரடி.

துப்பாக்கியைத் தூக்கிய பிறகுதான் அது காலி என்பது நினைவுக்கு வந்தது. சுற்றிலும் வெட்டவெளி. வேகமாக நடந்து விலகப் பார்த்தார். அவர் திரும்பியதும் கரடி வாயைத் திறந்துகொண்டு முழு வேகத்தில் பாய்ந்து வந்தது. எண்பது கஜம்போல ஓடி, ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையில் வைத்திருந்த ஈட்டியைத் திருப்பிப் பிடித்தார். கிட்டத்தட்ட இருபது அடிவரை வந்த கரடி சட்டென்று திரும்பி ஓடிவிட்டது. அது ஏன் ஓடியது என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. இனி ஒருபோதும் துப்பாக்கியைக் காலியாக வைத்திருப்பதில்லை என்று அன்றைய குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

கரடி ஏன் ஓடியது என்பதை விட்டுவிடலாம். இருபது தப்படி தூரம்வரை அது எப்படி வந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. கிரிஸ்லி என்னும் அந்தப் பழுப்புக் கரடி எப்படிப்பட்டது என்று லூயிஸுக்கு அதற்குள் நன்றாகவே தெரியும். ஏப்ரல் கடைசியில் முதல் கரடியைச் சுட்டபோது, தேர்ந்த துப்பாக்கிக்காரருக்கு இது பெரிய ஆபத்து இல்லை என்று நினைத்தவர் அவர். மே மாதத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. அவருடைய ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து சுட்ட ஒரு கரடி, குண்டுக்குமேல் குண்டு வாங்கிக்கொண்டும் அவர்களைத் துரத்தி ஆற்றில் குதிக்க வைத்தது. அறுத்துப் பார்த்தபோது எட்டுக் குண்டுகள் அதன் உடலில் பாய்ந்திருந்தன. இவ்வளவும் தெரிந்தவர் அன்று ஏமாந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அப்போதுதான் ஒரு பெரிய விலங்கை வீழ்த்தியிருந்தார், கண் முழுக்க அதன்மேல் இருந்தது.

இருநூறு ஆண்டுகள் கழித்தும், அதே மொன்டானாவிலும் பக்கத்து வயோமிங்கிலும் வேட்டைக்காரர்கள் கரடியை நேருக்கு நேர் சந்திக்கும் கதைகள் பெரும்பாலும் இதே வடிவத்தில்தான் இருக்கின்றன. செய்திகளில் அவை வீரக் கதையாகவோ விதியின் விளையாட்டாகவோ வரும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்க் மான் வேட்டையில் ஒருவரை எவையெல்லாம் கெட்டிக்காரராக்குகின்றனவோ, அவையேதான் அவரைக் கரடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகின்றன. திறமையும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் துப்பாக்கி நல்லது, கரடியை விரட்ட அடிக்கும் எந்த மிளகாய் ஸ்பிரே நல்லது என்று வாதாடிக்கொண்டிருப்பதில் பாதிப் பயன்கூட இல்லை.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872இல் அமைந்தது. பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. ஆனால் எல்லைக் கோட்டைத் தாண்டினால் வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களில் பரந்து கிடக்கும் தேசியக் காடுகளில் உரிமம் வாங்கியவர்கள் வேட்டையாடலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு இது விநோதமாகத் தெரியும். அங்கே இலையுதிர்காலத்தில் ஒரு எல்க்கை வீழ்த்திக் குளிர்காலம் முழுக்கக் குடும்பத்துக்கான இறைச்சியை ஃப்ரீசரில் வைப்பது சாதாரணக் குடும்பங்களின் வழக்கம். உரிமக் கட்டணமும், துப்பாக்கி மற்றும் தோட்டாக்கள்மீது 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி விதிக்கப்படும் வரியும் மாநில வனவிலங்குத் துறைகளின் முக்கியமான வருமானம். எனவே இது திருட்டு வேட்டையைப் பற்றிய பேச்சு அல்ல. சட்டத்துக்கு உட்பட்டு, விதிகளைப் படித்துவிட்டுக் காட்டுக்குள் போகிறவர்களைப் பற்றியது.

எல்க் நம் கடமானைவிடப் பெரிய மான். வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். செப்டம்பர் அதன் இணைசேரும் பருவம். ஆண்கள் மலைச்சரிவெல்லாம் எதிரொலிக்கக் கூவிக்கொண்டு ஒன்றையொன்று சவாலுக்கு அழைக்கும். வில் வேட்டைக்கான அனுமதியும் அப்போதுதான் வரும். வில்லால் அடிக்கவேண்டுமானால் முப்பது, நாற்பது மீட்டருக்குள் போயாகவேண்டும். அதற்காக வேட்டைக்காரர் உடல் முழுக்க இலைதழை நிற உடை போடுகிறார், முகத்துக்குச் சாயம் பூசுகிறார். மனித வாசனை தெரியாமலிருக்க மெனக்கெடுகிறார். காற்று தன் முகத்தில் அடிக்கும்படி எதிர்த்திசையில் நடக்கிறார். விடியற்கருக்கலிலும் அந்திக் கருக்கலிலும் அடர்ந்த மரங்களுக்குள் சருகு மிதிபடும் சத்தம்கூட எழாமல் நகர்கிறார். தனியாகப் போவார், இல்லையென்றால் ஒரு துணையோடு. போதாததற்கு, வாயில் ஒரு ஊதலை வைத்துப் பெண் எல்க்கைப் போலவோ கன்றைப் போலவோ குரல் எழுப்புகிறார்.

இனி அதே காட்டில் மலையேறப் போகிறவருக்குப் பூங்கா அலுவலர்கள் சொல்வதைக் கேளுங்கள். பேசிக்கொண்டே, கைதட்டிக்கொண்டே நடங்கள். மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போங்கள். விடிகாலையிலும் அந்தியிலும் நடக்காதீர்கள். நீங்கள் வருவது கரடிக்கு முன்கூட்டியே தெரியட்டும். ஒவ்வொரு வரிக்கும் நேர்மாறாக நடப்பவர்தான் எல்க் வேட்டைக்காரர். எல்லாவற்றுக்கும்மேல், ஊதலில் அவர் எழுப்பும் குரல் கரடிக்குத் தீனி இருக்கும் திசையைக் காட்டுகிறது. மானின் குரல் கேட்டு மானைத் தேடி வரும் கரடி, வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே மனிதன் இருப்பதைப் பார்க்கிறது.

பூங்காவின் கணக்கு ஒன்று இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கது. 1979 முதல் யெல்லோஸ்டோனுக்குள் 11.8 கோடிக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவான காலத்தில், கிரிஸ்லி தாக்கிக் காயப்பட்டவர்கள் 44 பேர். காட்டுக்குள்ளே நடந்துபோய்க் காயப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தனியாகவோ ஒரே ஒரு துணையோடோ போனவர்கள். கரடி மனிதனைத் தேடி வந்து அடிக்கும் விலங்கு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. திடீரென்று, மிக அருகில், ஆள் குறைவாக எதிர்ப்படும்போதுதான் காரியம் கெடுகிறது.

ஏன் கெடுகிறது என்பதற்குக் கரடியின் பக்கத்தையும் பார்க்கவேண்டும். அமெரிக்கக் கறுப்புக் கரடி காட்டு மரங்களுக்கிடையே வாழ்ந்து பழகியது. பயந்தால் மரமேறும், ஓடும். கிரிஸ்லி திறந்த வெளிகளில் வளர்ந்த இனம். ஒளிய மரமில்லாத இடத்தில் குட்டியைக் காப்பாற்றத் தாய்க்கரடிக்கு இருந்த ஒரே வழி, எதிரி யோசிப்பதற்குள் பாய்ந்து விரட்டுவது. குட்டிகளைக் கொல்லும் ஆண் கரடிகளிடமிருந்தும் அவள் இப்படித்தான் காக்கிறாள். நம் ஊர்க் கரடியும் இந்த விஷயத்தில் இதன் சொந்தம்தான். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த அது, ஓடுவதைவிட எதிர்த்து நிற்பதையே கற்றுக்கொண்டது. நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கரடியிடம் அடிபட்டவர்கள் பலரும், அது இருப்பது தெரியாமல் மிக அருகில் போய்விட்டவர்கள்.

வேகம் இன்னொன்று. கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர்வரை ஓடும் என்கிறார்கள். அதாவது முப்பது மீட்டர் தூரத்தை ஏறத்தாழ இரண்டு நொடியில் கடந்துவிடும். அடர்ந்த காட்டில் முப்பது மீட்டருக்கு அப்பால் பெரும்பாலும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

அப்புறம் பருவம். செப்டம்பரிலிருந்து நவம்பர்வரை கரடிகள் குளிர்கால உறக்கத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கின்றன. ஒரு நாளில் இருபது மணி நேரம்கூட மேயும். எடை ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குமேல் கூடலாம். ஐந்து மாதம் ஒன்றும் தின்னாமல் கிடக்கவேண்டிய விலங்கின் அவசரம் அது. அந்த மாதங்களில்தான் மலையெங்கும் வேட்டைக்காரர்கள் பரவுகிறார்கள். அவர்கள் விட்டுச்செல்லும் குடல், ஈரல், எலும்பு எல்லாம் கரடிக்கு விருந்து. ரேடியோ பட்டை மாட்டிய கரடிகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பூங்காவுக்கு வெளியே எல்க் வேட்டை தொடங்கியதும் கிரிஸ்லிகள் எல்லையைத் தாண்டி வெளியே வருவது கூடியது தெரிந்தது. வேட்டை ஆபத்தானது என்று அவை கற்றுக்கொள்ளவில்லை. வேட்டை என்றால் இறைச்சி என்று கற்றுக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே கரடி வந்துவிடும் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. சத்தமா, ரத்த வாடையா, பறக்கும் காக்கைகளா, எது அழைக்கிறது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் வருகின்றன.

இறைச்சியின்மேல் கரடிகள் இவ்வளவு சாய்ந்ததற்குப் பின்னாலும் ஒரு நீண்ட கதை உண்டு. ஒரு காலத்தில் யெல்லோஸ்டோன் கரடிகள் பூங்காவின் குப்பை மேடுகளில் தின்று வளர்ந்தன. 1970வாக்கில் அந்த மேடுகளை வேகமாக மூடினார்கள். படிப்படியாக மூடச் சொல்லி எச்சரித்த கரடி ஆய்வாளர்கள் கிரெய்க்ஹெட் சகோதரர்களின் பேச்சு எடுபடவில்லை. ஊருக்குள்ளும் முகாம்களிலும் தீனி தேடி வந்த கரடிகள் நிறைய கொல்லப்பட்டன. 1975இல் கிரிஸ்லி பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு மீண்டுவந்த கரடிகள் இயற்கை உணவுக்குத் திரும்பின. யெல்லோஸ்டோன் ஏரியிலிருந்து ஓடைகளில் ஏறிவரும் கட்த்ரோட் ட்ரௌட் மீனும், வெண்பட்டைப் பைன் மரத்தின் கொழுப்பு நிறைந்த விதைகளும் அவற்றில் முக்கியமானவை. 1994இல் ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்ட வேற்று மீன், லேக் ட்ரௌட், கண்டுபிடிக்கப்பட்டது. அது உள்ளூர் மீனைத் தின்று தீர்த்தது. பைன் மரங்களைப் பட்டை வண்டும் பூஞ்சை நோயும் அழித்தன. 2022இல் அந்த மரமே பாதுகாப்புப் பட்டியலுக்கு வந்தது. கரடி எதையும் தின்னும் விலங்கு என்பதால் பட்டினி கிடக்கவில்லை. வேறு உணவுக்கு மாறியது. அந்த மாற்றத்தில் இறைச்சியின் பங்கு எவ்வளவு, அதனால் மோதல்கள் எவ்வளவு கூடின என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. உயரமான மலையில் விதை பொறுக்கிக்கொண்டிருந்த கரடி, அது கிடைக்காத ஆண்டுகளில் வேட்டைக்காரர்கள் நடமாடும் சரிவுகளுக்கு இறங்கி வரும் என்பதில் மட்டும் பெரிய தகராறு இல்லை.

சரி, அம்பு பட்டுவிட்டது. உண்மையான ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். வேட்டையைப் பற்றிய பேச்சில் இந்தக் கட்டத்துக்குக் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு.

அம்பு பட்ட எல்க் அங்கேயே விழுவதில்லை. உடனே பின்தொடர்ந்தால் இன்னும் தொலைவுக்கு ஓடிவிடும் என்பதால் அரை மணி நேரமாவது காத்திருப்பார்கள். வயிற்றில் பட்டிருந்தால் பல மணி நேரம் விடவேண்டும். அந்தியில் அடித்ததை மறுநாள் காலையில் தேடுவதும் உண்டு. அதற்குள் ரத்த வாடை காற்றோடு காடெங்கும் போயிருக்கும். கரடி முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், இரையின்மேல் மண்ணையும் புல்லையும் வாரிப் போட்டு மூடிவிட்டுப் பக்கத்துப் புதரில் படுத்துக்கொள்ளும். வேட்டைக்காரர் தரையில் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், நேராக அங்கே போய்ச் சேர்வார்.

கரடி வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 300 கிலோ விலங்கை ஒரே தடவையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுப் போவது இந்த மாநிலங்களில் சட்டப்படி குற்றம். ஆகவே வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்து, தோலை உரித்து, தொடைகளையும் முன்கால்களையும் தனித்தனியாகப் பிரித்து, முதுகிலோ குதிரையிலோ பல நடைகளாகச் சுமக்கவேண்டும். அனுபவசாலிக்கே இரண்டு மூன்று மணி நேர வேலை. குனிந்த தலை, கை முழுக்க ரத்தம், கவனமெல்லாம் கத்தியில். துப்பாக்கியும் ஸ்பிரேயும் வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றி, பையோடு சேர்த்து மரத்தடியில் வைத்திருப்பார்கள். அடுத்த நாள் மீதியை எடுக்கத் திரும்பி வரும்போதோ, அந்த இடம் யாருடையது என்பதே மாறியிருக்கலாம்.

2001 அக்டோபரில் மொன்டானாவில் ஒருவர் இப்படி எல்க்கை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் கிரிஸ்லி தாக்கி இறந்தார். 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வனப்பகுதியில் நடந்தது இன்னும் விரிவாக விசாரிக்கப்பட்டது. முதல் நாள் அம்பு பட்ட எல்க்கை மறுநாள் கண்டுபிடித்து ஒரு வழிகாட்டியும் அவரோடு வந்த வேட்டைக்காரரும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்கரடி ஒன்றும் அதன் வளர்ந்த குட்டியும் வந்தன. கைத்துப்பாக்கி சற்றுத் தள்ளிப் பைகளோடு இருந்தது. வேட்டைக்காரர் ஓடிப்போய் அதை எடுத்தார். ஆனால் ஆள்மேல் படாமல் கரடியைச் சுட வழியில்லை. காயத்தோடு அவர் தப்பினார், வழிகாட்டி இறந்தார். வழிகாட்டி ஸ்பிரே அடித்ததற்கான தடயம் பின்னர் கிடைத்தது. ஆனால் அதற்குள் கரடி அவரை எட்டியிருந்தது. இரண்டு கரடிகளையும் அலுவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கி, ஸ்பிரே இரண்டும் இருந்தும் நேரம் இல்லாமல் போன ஒரு சாவு இது. இதை வைத்துக்கொண்டு ஸ்பிரே பயனற்றது என்றோ துப்பாக்கி பயனற்றது என்றோ வாதிட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இறந்தவரின் பெயரால் நடந்த அந்த வாதத்தைப் படிக்க வருத்தமாக இருந்தது.

அந்த வாதத்துக்கு அடிப்படையான இரண்டு ஆய்வுகளையும் பார்த்துவிடலாம். கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீஃபன் ஹெரெரோ இருவரும் மற்றவர்களும் சேர்ந்து அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்தார்கள். 2008இல் வந்த முதல் ஆய்வு 1985 முதல் 2006வரையிலான 83 ஸ்பிரே சம்பவங்களைப் பற்றியது. பழுப்புக் கரடிகளின் (கிரிஸ்லியும் இந்த இனமே) தொல்லையை 92 சதவீதச் சம்பவங்களில் ஸ்பிரே நிறுத்தியது. அங்கிருந்த மனிதர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமில்லை. பட்டவர்களுக்கும் சிறு காயம்தான். காற்று இடைஞ்சலாக இருந்தது 7 சதவீதச் சம்பவங்களில்தான். 2012இல் வந்த இரண்டாவது ஆய்வு 1883 முதல் 2009வரையிலான 269 துப்பாக்கிச் சம்பவங்களை எடுத்துக்கொண்டது. கைத்துப்பாக்கி 84 சதவீதமும், நீளத் துப்பாக்கி 76 சதவீதமும் பலன் தந்தன. ஆனால் துப்பாக்கியை வைத்திருந்து சுட்டவர்களுக்கும், வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

98, 76 என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் போடுவது எளிது, பலரும் போடுகிறார்கள். அது சரியல்ல. ஸ்பிரே சம்பவங்களில் ஆர்வத்தில் கிட்டே வந்த கரடிகளும், உணவு தேடி முகாமுக்கு வந்தவையும் நிறைய உண்டு. எல்லாமே பாய்ந்து வந்தவை அல்ல. துப்பாக்கிச் சம்பவங்களோ பெரும்பாலும் நிலைமை முற்றிய பிறகு பதிவானவை. ஒப்பிடத்தகாத இரண்டை ஒப்பிடுகிறோம். அந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, துப்பாக்கி எப்போதெல்லாம் தோற்றது என்ற பட்டியல். நேரம் போதவில்லை. தோட்டா போட்டிருக்கவில்லை. பாதுகாப்புப் பூட்டை எடுக்கவில்லை. தோட்டா சிக்கிக்கொண்டது. குறி தவறியது. ஓடும்போது இடறி விழுந்தார். கரடி ஏற்கெனவே மேலே வந்துவிட்டது. இவற்றில் பாதிக்குமேல் ஸ்பிரேக்கும் பொருந்தும். ஸ்பிரே எட்டுவது ஏழெட்டு மீட்டர். குப்பி காலியாக எட்டொன்பது நொடி. மிளகாயின் காரச்சத்தை மேகம்போல் பரப்புவதால் துல்லியமான குறி தேவையில்லை என்பதும், கரடி செத்துப்போவதில்லை என்பதும் அதன் பெரிய அனுகூலங்கள். அதனாலேயே நான் ஸ்பிரேயின் பக்கம். ஆனால் பைக்குள் கிடக்கும் ஸ்பிரேயும் மரத்தில் சாய்த்துவைத்த துப்பாக்கியும் ஒன்றுதான்.

இந்த மோதல்களில் கரடிக்கும் சாவு உண்டு என்பதை மனிதக் காயங்களைப் பேசும்போது மறந்துவிடுகிறோம். யெல்லோஸ்டோன் பூங்காவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த பகுதியில் மனிதரால் சாகும் கிரிஸ்லிகளில் தற்காப்புக்காக வேட்டைக்காரர்கள் சுடுபவை ஒரு முக்கியப் பங்கு. தற்காப்புக்குச் சுடுவது குற்றமல்ல. ஐந்து நாளுக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும், விசாரணை நடக்கும். பெண் கிரிஸ்லி ஐந்தாறு வயதில்தான் முதல் குட்டி போடும். அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரண்டு குட்டிகள். தாய் ஒன்று செத்தால் அதன் இடம் நிரம்ப நீண்ட காலம் ஆகும். 1800இல் அமெரிக்காவின் அலாஸ்கா தவிர்த்த பகுதியில் ஐம்பதாயிரம் கிரிஸ்லிகள் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1975இல் எஞ்சியவை எழுநூறு, எண்ணூறு. இன்று இரண்டாயிரத்துக்குமேல், அதில் ஏறத்தாழ ஆயிரம் யெல்லோஸ்டோன் வட்டாரத்தில்.

எண்ணிக்கை கூடியதால் பாதுகாப்பு விலக்கப்படவேண்டும் என்று மாநிலங்கள் கேட்கின்றன. 2007இல் யெல்லோஸ்டோன் கரடிகளைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2009இல் நீதிமன்றம் திரும்பச் சேர்த்தது. 2017இல் மறுபடி எடுத்தார்கள். 2018 இலையுதிர்காலத்தில் 22 கரடிகள்வரை சுட வயோமிங் திட்டமிட்டிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் நீதிமன்றம் தற்காலிகத் தடை போட்டது. செப்டம்பர் 24 அன்று கரடிகள் மீண்டும் பட்டியலுக்கு வந்தன. மேலே சொன்ன வழிகாட்டி இறந்தது அதற்குப் பத்து நாள் முன்பு. கரடியைச் சுட அனுமதித்திருந்தால் அது மனிதனைக் கண்டு பயப்படும், இப்படி நடந்திருக்காது என்ற குரல் அப்போது உரக்கக் கேட்டது. அந்தத் துயரத்தின் நடுவே எழுந்த கோபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அலாஸ்காவில் பழுப்புக் கரடி வேட்டை காலங்காலமாக நடக்கிறது, தாக்குதல்களும் நடக்கின்றன. குட்டியோடு ரத்த வாடையைத் தேடி வந்து பத்து மீட்டரில் மனிதனைச் சந்திக்கும் தாய்க்கரடி, அந்த ஒரு நொடியில் எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் மத்திய அரசின் வனவிலங்குத் துறை, பாதுகாப்பைத் தொடரவே முன்மொழிந்தது. வழக்கும் வாதமும் இன்னும் பல ஆண்டுகள் ஓடும்.

அதற்கிடையே காட்டில் நடக்கவேண்டியது நடந்துகொண்டிருக்கிறது. கரடிகளோடு வேட்டையாடிப் பழகியவர்கள் தங்கள் வழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருக்கிறார்கள். எல்க்கைத் தேடும்போது அமைதி. அம்பு பட்ட பிறகு சத்தம். விழுந்த இடத்தைத் தூரத்து மேட்டிலிருந்து தொலைநோக்கியில் முதலில் பார்க்கிறார்கள். காக்கைகள் தரையில் இறங்காமல் மரத்திலேயே உட்கார்ந்திருந்தால், கீழே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் அறுக்கும்போது இன்னொருவர் கையில் ஸ்பிரேயோடு சுற்றிலும் பார்த்து நிற்கிறார். அவருக்கு வேறு வேலை கொடுப்பதில்லை. வெட்டிய இறைச்சியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரியும்படி கிளையில் உயரத் தொங்கவிடுகிறார்கள். திரும்பி வரும்போது கரடி அதை எடுத்துக்கொண்டிருந்தால், விட்டுவிட்டு அலுவலருக்குச் சொல்கிறார்கள். இதில் கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கஷ்டம். ஆண்டு முழுக்கக் காத்திருந்து, மலையேறி, கடைசியில் கிடைத்த இறைச்சியை விட்டுவிட்டு நடப்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

துணையில்லாமல் போகிறவருக்கு இதில் பாதி நடக்காது. காவலுக்கு ஆள் இல்லை, சுமைக்கு ஆள் இல்லை, ஆகவே காட்டில் கழிக்கும் நேரமும் இரட்டிப்பு. கிரிஸ்லி நாட்டில் தனி ஆளாக எல்க் வேட்டைக்குப் போவது இனி வேண்டாம் என்று நான் சொன்னால், தனிமைக்காகவே அங்கே போகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கரடிகள் கடந்த சில பத்தாண்டுகளில் தங்கள் பழைய நிலங்களுக்குத் திரும்பி வருகின்றன. மூன்று தலைமுறையாகக் கிரிஸ்லியையே பார்த்திராத பண்ணைகளிலும் ஆற்றோரப் புதர்களிலும் இப்போது அவற்றின் தடம் தெரிகிறது. அந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களுக்கு அப்பாவும் தாத்தாவும் கற்றுக்கொடுத்தது கரடியில்லாத காட்டின் வேட்டை. அதனால் மொன்டானாவில் வேட்டைப் பருவத்துக்கு முன்பு ஸ்பிரே பயிற்சி நடத்துகிறார்கள். சக்கரத்தில் ஓடும் கரடி உருவம் ஒன்று ஆளை நோக்கி வேகமாக வரும். மருந்தில்லாத பயிற்சிக் குப்பியை இடுப்பிலிருந்து உருவி, பாதுகாப்புக் கொக்கியைத் தள்ளி, அது வந்து சேர்வதற்குள் அடிக்கவேண்டும்.